வெல்டிங் ஓவராலுக்குத் ‘தீப்பிடிக்காத கோட்டிங்’ போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் யூனிட் நடத்துகிறேன். மணலி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு வெல்டர் ஓவரால் ஆர்டர். துணி 65/35 பாலிகாட்டன் டிரில், அதாவது 65% பாலியஸ்டரும் 35% பருத்தியும் கலந்த கனமான துணி. வியாசர்பாடியில் ஜாப் ஒர்க் எடுப்பவர் ஒருவர், மீட்டருக்கு 45 ரூபாயில் கோட்டிங் போட்டுத் தந்தார். “ஐம்பது வாஷ் தாங்கும்ணே, நான் கேரண்டி” என்றார். நடுத்துணியில் லைட்டரை வைத்துக் காட்டினார். கருகியது, பரவவில்லை.

சில சலவைக்குப் பிறகு, பட்டறையில் கிரைண்டிங் பொறி தெறித்து ஒரு பையனின் கைப்பகுதி பற்றிக்கொண்டது. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. உரித்தெடுக்கும்போது அவன் கத்தியதைச் சொல்லி சூப்பர்வைசர் அழுதார். இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

மிச்சத் துணியைப் பிராசசிங்கில் பழுத்த ஒருவரிடம் காட்டினேன். தடவியதும் விரலில் வெள்ளைப் பொடி. அமோனியம் பாஸ்பேட் மாதிரி உப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்தது, தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும் என்றார்.

கலப்புத் துணியில் ஆபத்து இன்னும் கூடுதல். பாஸ்பரஸ் மருந்து பருத்தியைத்தான் கரியாக்கி அணைக்கும். பாலியஸ்டரோ 250–260 டிகிரியில் உருகும். கருகிய பருத்தி அதைக் கீழே சொட்டவிடாமல் பிடித்துக்கொள்ள, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி எரிகிறது. தனிப் பருத்தி, தனிப் பாலியஸ்டரைவிட இரண்டும் கலந்தது மோசமாக எரிவது இதனால்தான்.

பில்லோடு வந்த டெஸ்ட் ரிப்போர்ட் ஜெராக்ஸில் துணி என்ற இடத்தில் ‘100% காட்டன்’ என்றிருக்கிறது. கோட்டிங் போட்டவரைக் கேட்டதற்கு, “எல்லாம் துணிதானேண்ணே” என்றார். பிறகு போனை எடுப்பதே இல்லை. பணமும் வரவில்லை.

கோட்டிங் கொடுப்பவர்கள், உங்கள் துணியிலேயே, துவைத்த பிறகு எடுத்த, என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகரித்த லேப் ரிப்போர்ட் கேளுங்கள். வெல்டிங் உடைக்கு ஐ.எஸ்.ஓ. 11611 என்ற தரம் இருக்கிறது. துண்டு ஒன்றைச் சோப்புப் போட்டுப் பல தடவை அலசிக் காயவைத்து, செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடி ஓரத்தில் நெருப்பு வையுங்கள். மொட்டைமாடியில், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு. நடுவில் வைத்துக் காட்டினால் குட்டு வெளிப்படாது, ஓரம்தான் காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் தைத்ததை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டோம். அந்தக் கோட்டிங்காரர் வேறு யூனிட்டுகளுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாங்கிய புதிதில் வெள்ளைப் பொடி உதிர்ந்த கருநீல டிரில் ஓவரால் உங்கள் பட்டறையில் இருந்தால், நாளைக்கு ஷிப்டில் யாரும் அதைப் போட்டுக்கொண்டு வெல்டிங்கில் நிற்க வேண்டாம்.