எஸ்விசிஹோஸ்டைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள், உஷார்

கணினியில் ஓடும் புரோகிராம்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் அறுபது எழுபது வரிக்கு நீளும். "பாருங்க சார், ஒரே வைரஸ் எழுபது காப்பி எடுத்து உட்கார்ந்திருக்கு" என்று, மைக்ரோசாஃப்ட் ஆள் என்று சொல்லிக்கொண்டு போனில் வரும் ஒருவர் சொன்னால், விவரம் தெரியாதவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தக் கலக்கம்தான் அவர்களுக்கு முதலீடு. உண்மையில் வழக்கமாக அந்த எழுபதும் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். ஒலி, நெட்வொர்க், அப்டேட் போன்ற சர்வீஸ்களை, அதாவது பின்னணி வேலைகளை, விண்டோஸ் இந்தப் பெயரில்தான் ஓட்டுகிறது. 2017இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டாகப் பிரிந்து ஓடுகின்றன. பட்டியல் நீண்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

போனில் வருகிறவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. அடுத்து, கணினியில் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். நேற்று வாங்கிய கணினியிலும் அதில் பிழை என்று காட்டும் சிவப்புக் குறிகள் இருக்கும். பிறகு கட்டளைகளை டைப் செய்யும் கருப்புத் திரையில் 'அசாக்' என்று டைப் செய்யச் சொல்லி, கடைசி வரியில் 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணைத் தாங்களே முன்கூட்டிப் படித்துக் காட்டுவார்கள். "இது உங்கள் கணினியின் லைசென்ஸ் நம்பர், மைக்ரோசாஃப்டுக்கு மட்டும்தான் தெரியும்" என்பார்கள். உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியில் பார்த்தாலும் அதே எண்தான். நம்பிக்கை வந்ததும், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றைப் போடச் சொல்வார்கள். அதன்பின் கணினி அவர்கள் கையில். மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை, அதன் எச்சரிக்கைகளில் போன் நம்பரும் இருக்காது.

கடையில் நேரில் காட்டினால் ஏமாற்ற மாட்டார்கள் என்றும் இருக்க முடியாது. அமெரிக்காவின் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவச 'ஹெல்த் செக்' நடந்தது. கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி உறைகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு டிக் அடித்தாலே, ஸ்கேன் என்ன கண்டது என்ற பேச்சே இல்லாமல் 'மால்வேர் அறிகுறி' என்று முடிவு வந்தது என்பது அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசியின் குற்றச்சாட்டு. 2019இல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

சரி, தெரியாத பெயர் ஒன்று ஓடுகிறது. நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பெயரைத் தேடியில் போடுவதில் பெரிய பயனில்லை. கெட்ட புரோகிராமும் நல்ல பெயரைத்தான் சூட்டிக்கொள்ளும். தேடினால் வரும் பல பக்கங்களோ எந்தப் பெயருக்கும் ஒரே வசனத்தை எழுதி, கீழே தங்கள் ஸ்கேனரை இறக்கச் சொல்கின்றன.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரியை ரைட் கிளிக் செய்து, 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் டிக் செய்யுங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32இல் (32 பிட் வகை சிஸ்வாவ்64இல்) இருக்கும்; கமாண்ட் லைனில் 'மைனஸ் கே' என்ற குறி வரும். அதே பெயர் டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால் போலிதான். எழுத்தையும் கவனியுங்கள். விண்டோஸின் இன்னொரு புரோகிராமான எல்சாஸ் (lsass) என்ற பெயரில் சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' போடுவது பழைய தந்திரம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. டிஸ்கார்ட், ஜூம் போன்ற நல்ல செயலிகளும் ஆப்டேட்டா ஃபோல்டரில்தான் குடியிருக்கின்றன.

அடுத்தது கையொப்பம், அதாவது ஃபைலைத் தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபைலின் பிராபர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பக்கமே இல்லையென்றால் போலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். விண்டோஸின் பல ஃபைல்களுக்குக் கையொப்பம் ஃபைலுக்குள் இருக்காது, தனியான கேட்டலாக் ஃபைலில் இருக்கும். அதனால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' போடுங்கள். அது கேட்டலாக்கையும் சேர்த்துப் பார்க்கும். எந்த புரோகிராம் எதைக் கிளப்பிவிட்டது என்றும் மரம் போலக் காட்டும். எஸ்விசிஹோஸ்ட் 'சர்வீசஸ்' என்பதன் கீழே தொங்க வேண்டும். அதே ஆப்ஷன்ஸ் மெனுவில், பல ஆன்டிவைரஸ் என்ஜின்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தின் சோதனையும் உண்டு. ஃபைலை அனுப்பாமல் அதன் கைரேகை போன்ற ஹாஷை மட்டும் அனுப்பும். எழுபது சொச்சம் என்ஜின்களில் கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் பெரும்பாலும் வீண் அலறல். 'அன்னோன்' என்று வந்தால் அது நல்ல சான்றிதழ் இல்லை, அந்த ஃபைலை அங்கே யாரும் இதுவரை கொடுக்கவில்லை என்று பொருள்.

கையொப்பமும் முழு உத்தரவாதம் ஆகாது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் என்ற மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் தயாரிப்புக் கட்டத்திலேயே பின்வாசல், அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, புகுந்தது. கையொப்பம் அசல், பரவியதோ சுமார் 22 லட்சம் கணினிகளுக்கு. ஆகவே நடத்தையையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது சிபியு 80 சதவீதம் ஓடி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கினால், கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம் இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தேகம் வந்தவுடன் ஃபைலை அழிக்காதீர்கள். 2002இல் கரடிப் பொம்மை ஐகான் போட்ட ஜேடிபிஜிஎம்ஜிஆர் ஒரு வைரஸ், உடனே அழியுங்கள் என்று மின்னஞ்சல் பரவி, விண்டோஸின் ஜாவா டீபக்கர் ஃபைலைப் பலர் தாங்களே அழித்துக்கொண்டார்கள். விண்டோஸ் ஓட அவசியமான சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸை வலுக்கட்டாயமாக நிறுத்தினால், கணினி முடங்கி நீலத்திரைதான் மிச்சம். இணையத்தைத் துண்டித்து, விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ரிமோட் கொடுத்துவிட்டீர்களா? நெட்டைப் பிடுங்குங்கள், வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் வரை அதில் நெட் பேங்கிங் வேண்டாம்.