போஸ்னான் 1956 நடைச் சுற்றுலா: காசுக்கு மோசமில்லை, கால்தான் போச்சு

போலந்தின் போஸ்னானில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு தெருவின் பெயர் '28 ஜூன் 1956'. தேதியைப் போய் ஏன் தெருவுக்கு வைத்தார்கள் என்று இரண்டு வருடம் யோசித்தேன். அன்று இங்கே தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்களாம். அந்தக் கதையைக் கேட்கப் போன ஞாயிறு 80 ஸ்லோட்டி கொடுத்து ஒரு வழிகாட்டி அம்மாவோடு நடந்தேன்.

செகெல்ஸ்கி ஆலை வாசலில் தொடக்கம். அப்போது அதற்கு ஸ்டாலின் பெயர். செய்த வேலையின் அளவுக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களுக்கு வேலை அளவை ஏற்றியிருக்கிறார்கள். கூலியில் வரியையும் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். தலைநகர் வார்சாவுக்குப் போன தொழிலாளர் குழுவிடம் அமைச்சர் ஒத்துக்கொண்டவற்றில் சிலவற்றை, 27ஆம் தேதி ஆலைக்கே வந்து இல்லையென்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அரண்மனைச் சதுக்கத்தில்தான் அந்த அம்மாவின் திறமை தெரிந்தது. நகர மன்றத் தலைவராக அவரே நடித்தார்: தோளைக் குலுக்கி, "என் கையில் ஒன்றுமில்லை, கட்சி அலுவலகத்தைக் கேளுங்கள்." பத்தடி நடந்து, ஆட்சியிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளராக மாறினார்: "வார்சாவைக் கேட்க வேண்டும்." வெளியே சுமார் 1,00,000 பேர். பிரதமர் வரட்டும் என்கிறார்கள். பிரதமர் சிரெங்கியேவிச் அன்றே விமானத்தில் ஊருக்கு வந்தார், ஆனால் கூட்டத்தின் முன்னால் வரவில்லை. கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் 'வாடகைக்கு' என்று எழுதி மாட்டினார்களாம். அதே கட்டடத்தில் பின்னாளில் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை வந்தது. சம்பள நாளில் சூப்பர்வைசரிடம் போய், அவர் ஹெச்.ஆரைக் காட்டி, ஹெச்.ஆர். தலைமை அலுவலகத்தைக் காட்டி அலைந்தவனுக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும்.

வார்சா போய்வந்த குழுவைக் கைது செய்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் சிறையை உடைத்தது. அப்புறம் ரகசியப் போலீஸ் அலுவலகம் இருந்த கொஹனோவ்ஸ்கி தெரு. அங்கே துப்பாக்கிச் சூடு, பிறகு டாங்கிகள். 50 பேருக்கு மேல் செத்தார்கள். அன்று சுடப்பட்டுச் செத்த 13 வயதுப் பையன் ரோமெக் ஸ்ட்ஷாவ்கோவ்ஸ்கியைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மா நடிக்கவில்லை. மறுநாள் பிரதமர் வானொலியில், 'மக்கள் அரசு'க்கு எதிராக யாராவது கை ஓங்கினால் அந்தக் கை வெட்டப்படும் என்றார்.

குறைகள்: மூன்றரை மணி நேரத்தில் கழிப்பறைக்கு ஒரு நிறுத்தம்கூட இல்லை. ஆங்கிலச் சுற்றுலா என்றார்கள், சூடு பிடித்ததும் போலிஷுக்குத் தாவிவிடுகிறார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சொல்லித்தான் பாதி புரிந்தது. கார்டு வாங்குவதில்லை, ரொக்கம்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போவதானால் ஜூன் 28 வேண்டாம். அன்று இரட்டைச் சிலுவை நினைவுச்சின்னத்தடியில் அஞ்சலிக் கூட்டம் இருக்கும், அவர் பேசுவது காதில் விழாது. நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.