ஓர்தென்: ஒரே அட்டையா, இரண்டு அட்டைகளா?

ஸ்பானிய மொழியில் 'எல் ஓர்தென்' என்றால் ஒழுங்கு, வரிசை. 'லா ஓர்தென்' என்றால் கட்டளை; துறவியர் சபைக்கும் அதே பெயர்தான். எழுத்து ஒன்று, பால் வேறு: முன்னால் வரும் 'எல்' இங்கே ஆண்பாலையும் 'லா' பெண்பாலையும் காட்டும். மனப்பாட அட்டையில் (ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள்) இவற்றைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு பொருள் நினைவுக்கு வந்ததுமே "இது தெரியும்" என்று அட்டையைப் புரட்டிவிடுவோம். இரண்டையும் ஒரே நாளில் புதிதாகப் படித்தால் எது 'எல்', எது 'லா' என்பதும் குழம்பும்.

பிரிப்பதே மேல். ஆனால் தனிச்சொல்லாக எழுதாமல், பாலைக் காட்டும் தொடராக எழுதுங்கள். ஓர் அட்டையில் 'எல் ஓர்தென் பூப்ளிகோ' (பொது ஒழுங்கு): பெயரடை 'கோ' என முடிவதே ஆண்பால் என்று காட்டிக்கொடுக்கும். மற்றதில் 'தார் ஊனா ஓர்தென்' (கட்டளையிடுதல்): 'ஊனா' பெண்பால். 'போர் ஓர்தென் தெல் ஹுவெஸ்' (நீதிபதி உத்தரவுப்படி) அட்டைக்கு உதவாது. 'எல்', 'லா' எதுவும் இல்லாததால் பால் மறைந்துவிடுகிறது. முதல் அட்டை ஒரு வாரம் பழகியபின் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த அட்டைக்கும் ஓர் இடம் உண்டு, கடைசிக் கட்டச் சோதனையில். 'எல் ஓர்தென் தெல் தீயா' கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல். 'எஸ்தார் ஆ லா ஓர்தென் தெல் தீயா' என்றால் சர்வசாதாரணமாக நடப்பது. இந்த ஜோடியைப் அருகருகே வைத்தால்தான் பிடிபடும்.