அலமாரிக்கு அடியில் தொடர் குழல்களா, 24 வோல்ட் ஸ்ட்ரிப்பா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும்போது மேல் அலமாரிகளுக்கு அடியில் விளக்கு பொருத்த விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று, அடுத்தடுத்துச் செருகிக்கொண்டே போகக்கூடிய எல்இடி டி5 குழல்கள். இவற்றுக்கு 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேரடியாகச் செல்கிறது. மற்றொன்று, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரைவர் வழியாக 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சிறு எல்இடிகள் பதித்த பட்டை. பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் வெளிச்சத்தையும் விலையையும் கேட்டு ஒப்பிடுகிறோம். பழுது ஏற்பட்டால் எதை நாமே கண்டறிய முடியும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தவை நான்கு டி5 குழல்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் மூன்றாவதும் நான்காவதும் ஒருசேர அணைந்தன. இந்த வகையில் ஒரு குழலின் வழியாகத்தான் அடுத்ததற்கு மின்சாரம் போகிறது என்பதால், ஓரிடத்திலிருந்து கடைசிவரை இருண்டுவிட்டால் அந்த இடத்து இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் அணைந்து அதற்குப் பின்னால் உள்ளவை எரிந்தால், கோளாறு அந்தக் குழலுக்குள்ளேயே இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலிருந்த இணைப்பு வயரை உருவிப் பார்த்தேன். அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறியிருந்தது. மேலே விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. தளர்ந்த தொடர்பு சூடாகி ஏற்படுத்திய கறை அது. அப்படிப்பட்ட வயரைத் துடைத்து மீண்டும் செருகுவது ஆபத்து. புதியது மாற்றியதும் நான்கும் எரிந்தன.

எந்தக் கருவியும் இல்லாமல், குழல்களை இடம் மாற்றிப் பார்த்தே பழுதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது டி5 வகையின் பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும், கடைசிக் குழலின் திறந்த முனையிலும்கூட 230 வோல்ட் இருக்கிறது. அந்த முனைக்கு மூடி கட்டாயம் வேண்டும். விளக்கு எரியும்போது இணைப்பை அசைத்துப் பார்க்கவே கூடாது. ஒரு வரிசையில் மொத்தம் எத்தனை வாட் வரை இணைக்கலாம் என்று குழலிலோ பெட்டியிலோ அச்சிட்டிருப்பார்கள், அதையும் மீறக்கூடாது.

ஸ்ட்ரிப்பின் பழுதுகளோ தம் காரணத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பொதுவாக மும்மூன்று எல்இடிகள் ஒரு தொகுதியாகத் தொடரில் இருக்கும். மூன்று மட்டும் இருண்டால் அந்தத் தொகுதியை வெட்டி மாற்றினால் போதும். தொடக்கத்தில் பளிச்சென்றும் கடைசியில் மங்கலாகவும் எரிந்தால், வழியில் வோல்ட் இழக்கப்படுகிறது என்று பொருள். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 72 வாட் தேவை. 12 வோல்ட்டில் இது 6 ஆம்பியர். 24 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். மின்னோட்டம் பாதியானால் இழப்பும் பாதியாகிறது, அந்தப் பாதி இழப்பும் இருமடங்கு வோல்ட்டிலிருந்து போவதால் விகிதத்தில் கால்பங்காகிவிடுகிறது. நீண்ட மேடைக்கு 12 வோல்ட்டை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுத்தால் மங்கல் வெகுவாகக் குறையும்.

முழு ஸ்ட்ரிப்பும் விட்டுவிட்டு மின்னினால் டிரைவரைப் பார்க்க வேண்டும். 72 வாட் ஸ்ட்ரிப்புக்கு 60 வாட் டிரைவர் போட்டிருந்தால் அது அளவுமீறிய சுமையால் அணைந்து அணைந்து எரியும். டிரைவரின் திறனில் 80 விழுக்காட்டுக்குள் சுமை இருப்பது நல்லது என்பதால் 100 வாட் வாங்குவதே சரி. ஸ்ட்ரிப்பைக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டர் 24 காட்டி, இணைத்ததும் வெகுவாக இறங்கினால், டிரைவர் பலவீனமாகிவிட்டது அல்லது சுமை அதிகம். ஒரு பகுதி மட்டும் அவ்வப்போது அணைந்து எரிந்தால், பெரும்பாலும் சால்டர் செய்யாமல் கிளிப் மாட்டிய இணைப்பே காரணம்.

எந்த வகையானாலும் சுவிட்சைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்தால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். சுவருக்குள் செல்லும் வயரிங்கும் அவருடைய வேலைதான்.

இரண்டு மீட்டருக்கு உட்பட்ட நேரான மேடைக்கு டி5 குழல்களே போதும். ‘எல்’ வடிவ மேடைக்கும் நீண்ட மேடைக்கும் 24 வோல்ட் ஸ்ட்ரிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்; ஆனால் டிரைவரை அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் அருகிலோ, பலகை அடித்து மூடிய இடத்திலோ வைக்க ஒப்பந்தக்காரரை அனுமதிக்க மாட்டேன். டி5 குழல்களுக்குப் பின் நாங்கள் மாறிக்கொண்ட ஸ்ட்ரிப்பின் டிரைவர், மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில், 13 ஆம்பியர் பிளக்குடன் இருக்கிறது. கெட்டால் கதவைத் திறந்து, பிளக்கை உருவி, வேறொன்றை நானே மாற்றிவிடலாம்.