சிறிய அரசுப் பள்ளியை எடைபோட: தேர்ச்சி விகிதமா, மாணவர் முன்னேற்றமா?

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு இந்த இரண்டில் எதை நம்புவது என்பதுதான் குழப்பம்.

கிடைப்பது: தேர்ச்சி விகிதம் எளிதில் கிடைக்கும். முன்னேற்றத்தை, அதாவது சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து பிள்ளைகள் படிப்பில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதை, பள்ளியில் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நிலைத்தன்மை: 20 பேர் எழுதும் தேர்வில் ஒருவர் தவறினாலே விகிதம் 5 புள்ளி சரியும், 400 பேர் எழுதினால் கால் புள்ளிதான். முன்னேற்றக் கணக்கும் சிறிய வகுப்பில் ஆடும். சில ஆண்டுகளைச் சேர்த்தே பாருங்கள்.

மாணவர் பின்னணி: இங்கேதான் தேர்ச்சி விகிதம் அநியாயம் செய்கிறது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத, வீட்டில் வேறு மொழி பேசும், நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளையும் வசதியான பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது. முன்னேற்றமோ, சேரும்போது எங்கிருந்தார்கள், இப்போது எங்கே என்று பார்க்கிறது.

மேற்படிப்புக்குத் தகுதி பெறுவதுதான் கவலையா? சரி, தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். கற்பித்தலை அறிய முன்னேற்றத்தையே கேளுங்கள்.