மலைக்கு எந்தப் பழைய ஃபாரின் டீசல்? பஜெரோ, எக்ஸ்-ட்ரெயில், ஃபார்ச்சூனர்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். கோத்தகிரிக்கே குடிவரப் போகிறானாம். பழைய ஃபாரின் டீசல் ஃபோர் வீல் ஒன்று வாங்கணும், தினம் குன்னூர் வேலைக்குப் போய்வரவும் ஆகணும், ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ரோட்டில் ஏறி இறங்கவும் ஆகணும், எது எடுக்கலாம் மாமா என்றான். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். இதே கேள்வியோடு மலையேறும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்த 'ஃபாரின்' என்ற வார்த்தையைத் தீர்த்துவிடலாம். ஜப்பானில் ஓடிய பழைய வண்டியைக் கப்பலில் இறக்கி ஓட்டுவது இலங்கைக்காரர்களுக்குப் பழக்கமான விஷயம், நமக்கு இல்லை. பயன்படுத்திய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அது தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அதோடு கட்டும் வரியில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். ஆக நம் கைக்கு எட்டுவது, இங்கே புதிதாக விற்று, இரண்டு மூன்று பேர் கைமாறிய வண்டிகள்தான். அதிலும் இரண்டு சாதி. முழு வண்டியாகவே வந்து இறங்கியது ஒன்று, நிசான் எக்ஸ்-ட்ரெயில் போல. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது இன்னொன்று. ஊரே 'ஃபாரின் பஜெரோ' என்று சொல்லும் மிட்சுபிஷி பஜெரோ எஸ்எஃப்எக்ஸ் பூட்டப்பட்டது நம்ம திருவள்ளூரில். முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனர் பெங்களூரு பக்கத்துப் பிடதியில்.

இந்த வித்தியாசம் பெருமைக்கு இல்லை, பணத்துக்கு. 15 வருடம் முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து சாதாரண காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி கார் என்று பதிவாகியிருந்தால் 40,000. 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி சாதாரண காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000. என் பஜெரோ 2009 மாடல், 2024ல் புதுப்பித்தபோது 5,000தான் கட்டினேன். அதே வயது எக்ஸ்-ட்ரெயில் என்றால் அங்கேயே எட்டு மடங்கு. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்படுவதற்கு முன்னால் ஆர்சியை வாங்கி, இறக்குமதி என்று இருக்கிறதா என்று அந்த ஒரு இடத்தைப் படித்துவிடுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

எக்ஸ்-ட்ரெயில் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஓட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தார் ரோடுதான், அந்தத் தொண்ணூறில் இதுதான் ராஜா. 2005ல் வந்த 2.2 லிட்டர் டீசல், 136 குதிரைத் திறன், ஆறு கியர். 2009ல் வந்த அடுத்த மாடல் 2.0 லிட்டர், 150. இரண்டிலும் டைமிங் செயின், பெல்ட் மாற்றும் கவலை இல்லை. சேஸ் மேல் பாடியைத் தூக்கி வைத்த வண்டி இல்லை, கார் மாதிரி ஒரே கூடு, அதனால் வளைவில் பின்னால் உட்கார்ந்தவர்கள் வாந்தி எடுக்க மாட்டார்கள். அகலமும் குறைவு. மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசியில் எதிரே அரசு பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு வரும்போது அந்த நாலு விரல் இடம் எவ்வளவு பெரியது என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். பழைய மாடலில் மீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும், ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். என் அம்மாவுக்கு மூட்டு வலி. நான் பார்க்கப் போன வண்டிகளில் கை பிடிக்காமல் அவர் ஏறி உட்கார்ந்தது இது ஒன்றில்தான், இதையே வாங்கேன்டா என்றார்.

நான் வாங்கவில்லை. இதில் லோ கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் வரிசை, கிடையாது. ஃபோர் வீல் உண்டு, முன் சக்கரம் வழுக்கினால் பின்னாலும் தானாகவே சக்தி போகும், லாக் போட்டால் நாலுக்கும் போகும், வேகம் கூடினால் லாக் தானாக விலகிவிடும். மழையில் ஊறிய தாருக்கு இது அருமை. ஆனால் எஸ்டேட் ரோடு வேறு கதை. டிராக்டரும் பச்சை இலை ஏற்றும் லாரியும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் முதுகு தூக்கிய செம்மண் பாதை அது. ஐப்பசி மழையில் சோப்பு. அங்கே நடக்கிற வேகத்தில் ஏறணும், முதல் கியரில் கூட வேகம் அதைவிட அதிகம், உடனே கால் கிளட்சை அரைக்கப் போய்விடும். மூன்று ஏற்றம் போனால் கிளட்ச் நாற்றம் உள்ளே வரும். இறக்கத்தில் இன்னும் மோசம், லோ கியர் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும், இல்லாவிட்டால் பிரேக்கில் தொங்க வேண்டும், செம்மண்ணில் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. உதிரிப் பாகமும் யோசிக்க வேண்டிய விஷயம். 2024ல் அதே பெயரில் வந்தது பெட்ரோல் வண்டி, நம் பழைய டீசலுக்கு அதனால் ஒரு போல்ட் கூடக் கிடைக்கப் போவதில்லை.

பஜெரோ எஸ்எஃப்எக்ஸ் நேர் எதிர். 2.8 லிட்டர் டர்போ டீசல், காமன் ரெயில் என்ற இன்றைய டீசல் முறைக்கு முந்தைய தலைமுறை, சத்தம் லாரிக்குப் பங்காளி. தாரில் யாரையும் முந்த நினைக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர் ஏற்றத்தில் பின்னால் வருகிற கார்களுக்கு ஒதுங்கி வழிவிடப் பழகிக்கொள்ளணும், அந்த மனசு வந்துவிட்டால் இதைவிட நிம்மதியான வண்டி இல்லை. இதன் உயிரே கியர் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டி லீவர்தான். டூ ஹெச் என்றால் பின் சக்கரம் மட்டும். ஃபோர் ஹெச் என்றால் நாலும், ஆனால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் திறந்திருக்கும், அதனால் தாரிலேயே போட்டு ஓட்டலாம். இங்கே அதுதான் முக்கியம். சாதாரண பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டுத் தாரில் வளைத்தால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு ஸ்டீயரிங் கல்லாகும். இதில் பனிமூட்டம், தூறல், ரோட்டோரம் பாசி என்று பார்த்தவுடன் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அடுத்த இரண்டு நிலை பூட்டு, அதில் கடைசி லோ கியர், அது மண்ணுக்கு மட்டும்.

லோவில் முதல் கியர் போட்டு, எந்தப் பெடலிலும் கால் வைக்காமல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வண்டி எருமை மாதிரி தன் பாட்டுக்கு இறங்குவதைப் பார்க்கணும். அதற்காகத்தான் இதை வாங்கினேன், வேறு காரணம் சொன்னால் பொய்.

இதன் வியாதியும் தெரிந்ததுதான். இந்த 4எம்40 இன்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது எப்போதோ வரும் பிரச்சினை, நமக்கு வாரா வாரம் 1,500 மீட்டர் ஏற்றம். நான் வாங்கிய வாரமே, ஒரு கோளாறும் இல்லாதபோதே, ரேடியேட்டரைக் கழற்றிப் புதிது போட்டேன், ஹோஸ் எல்லாம் மாற்றினேன், தண்ணீர் ஊற்றியிருந்ததை வடித்துச் சரியான கூலண்ட் ஊற்றினேன். மெக்கானிக் அண்ணன் 'நல்லா இருக்கறத எதுக்கு சார் கழட்டறீங்க' என்று சிரித்தார். சிரிக்கட்டும். பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், ஆனால் தேடணும். மிட்சுபிஷி இப்போது இங்கே கார் விற்பதே இல்லை. ஒரு சின்னப் பாகத்துக்காகப் பத்து நாள் வண்டி நிற்கும் என்றால் அந்தப் பத்து நாள் எதில் வேலைக்குப் போவீர்கள்? என் வீட்டில் ஒரு பழைய ஆல்டோ இருக்கிறது. அந்த ஆல்டோ இல்லையென்றால் இந்தப் பஜெரோவும் இல்லை.

2012ல் வந்த பஜெரோ ஸ்போர்ட் பேரில்தான் பஜெரோ, ஆள் வேறு. 2.5 லிட்டர் காமன் ரெயில், 178 குதிரைத் திறன், மேனுவலில் 400 நியூட்டன் மீட்டர் இழுவை. அதே மாதிரி லீவர் உண்டு, லோ கியர் உண்டு. திரும்பும் ஆரம் 5.6 மீட்டர், ஃபார்ச்சூனருக்கு 5.9. முப்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், கொண்டை ஊசியில் ஒரே வீச்சில் திரும்புவதா, பாதியில் ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குவதா என்பது அந்த முப்பதில்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் கவனம், முதலில் வந்த ஆட்டோமேட்டிக்கில் ஃபோர் வீல் கிடையாது, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். உதிரிப் பாகக் கதை எஸ்எஃப்எக்ஸ் மாதிரியேதான்.

ஃபார்ச்சூனர். எல்லோருக்கும் தெரிந்த வண்டி என்பதால் எனக்கு ஆர்வம் குறைவு, ஆனால் நியாயமாகச் சொல்லணும். 2009ல் வந்த முதல் தலைமுறை, 3.0 லிட்டர், 171 குதிரைத் திறன், ஐந்து கியர் மேனுவல். ஃபோர் வீல் மாடலில் எப்போதுமே நாலு சக்கரமும் ஓடும், போட்டு எடுக்கும் வேலையே இல்லை, மண்ணில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டலாம், லோ கியரும் உண்டு. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். காலி வண்டியில் பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், பிரேக் இன்னும் கூர்மையாக இருக்கலாம் என்பது ஓட்டுபவர்கள் பலரும் சொல்வது. மலை இறக்கத்தில் எந்த வண்டியானாலும் இரண்டாம் கியரில் இறங்குகிறவனுக்கு அது பெரிய குறையில்லை.

இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த 3.0 இன்ஜினும் பழைய இன்னோவாவின் 2.5 இன்ஜினும் அண்ணன் தம்பி. இன்னோவாவில் கை வைக்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்கிறாரா? கோத்தகிரியில் நின்றாலும், கூடலூரில் நின்றாலும், அன்று மாலைக்குள் ஒருவர் வந்து பானெட்டைத் திறப்பார், கோயம்புத்தூரிலிருந்து பாகம் அடுத்த பஸ்ஸில் வரும். பார்க்க வேண்டியது இன்ஜெக்டர். அதன் அடியில் இருக்கும் வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, அடியில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, கடைசியில் இன்ஜினையே முடித்துவிடும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. ஆயில் மாற்றிய பில்கள் ஒழுங்காக இருக்கிற வண்டியாகப் பாருங்கள். இதற்கும் டைமிங் பெல்ட்தான்.

மான்டெரோ, பிராடோ பற்றியும் மச்சினன் கேட்டான். மான்டெரோவின் 3.2 டீசல் மனசைக் கெடுக்கும் வண்டிதான், பின் டிஃபரன்ஷியல் பூட்டு வரை எல்லாம் உண்டு. ஆனால் இரண்டுமே முழு இறக்குமதி, அந்த 40,000 கணக்கு இங்கேயும் வரும், அகலத்துக்கு நம் ஊர்ச் சந்தில் நிறுத்தவும் முடியாது. தள்ளுங்கள்.

'டிரெயில்' என்று மச்சினன் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விட்டால் வழக்கு, வண்டியும் போகும். அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். நமக்கு இருப்பது தெரிந்தவர் எஸ்டேட், கேட்டு வாங்கிய அனுமதி, அங்கங்கே பஞ்சாயத்து மண் ரோடு. இதற்கு மூன்று டிஃபரன்ஷியல் பூட்டும், தண்ணீரில் இறங்க மேலே தூக்கிய ஸ்நார்க்கல் குழாயும் வேண்டாம், லோ கியரும் மண்ணுக்கும் தாருக்கும் ஆகும் நல்ல ஏடி டயரும் போதும். ஸ்போர்ட்டுக்கும் ஃபார்ச்சூனருக்கும் டயர் அளவு ஒன்றே, 265/65 ஆர்17, எங்கும் கிடைக்கும்.

டெல்லி வண்டி மலிவாக வருகிறதே என்பார்கள். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை என்று வந்ததால் தள்ளிவிடுகிறார்கள். என்ஓசி, மறுபடி இங்கே ஆயுள் வரி எல்லாம் கூட்டிவிட்டு அப்புறம் மலிவா என்று சொல்லுங்கள். ஒரு புரோக்கர் எனக்குக் காட்டிய வண்டியில் மீட்டர் 82,000, பிரேக் பெடல் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாங்கியதும் நீலகிரிப் பதிவான டிஎன் 43க்கு மாற்றிவிடு என்றும் மச்சினனிடம் சொன்னேன், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி இங்கே வர இ-பாஸ் வேண்டும், உள்ளூர்ப் பதிவுக்கு வேண்டாம்.

ஆக மச்சினனுக்கு என் பதில், அவனிடம் ஒரே வண்டிதான் இருக்கப் போகிறது என்பதால், ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் மேனுவல். பணம் இடித்தால் பஜெரோ ஸ்போர்ட் மேனுவல், கூடவே பொறுமை. மண் ரோடு ஆசை வெறும் ஆசைதான், வருடத்துக்கு நாலு நாள்தான் என்று அவனே ஒத்துக்கொண்டால் எக்ஸ்-ட்ரெயில், அதுவும் 2009க்குப் பிந்தையது. நான் வைத்திருப்பதை அவனுக்குச் சொல்ல மாட்டேன்.

எதைப் பார்க்கப் போனாலும் காலை ஆறு மணிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். மார்கழிக் குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு எத்தனை சுற்று எடுக்கிறது, வெள்ளைப் புகை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்த்துவிட்டு, கல்லாறிலிருந்து ஏசி போட்டு மேலே ஏற்றி, வெப்ப முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பார்க்கணும். விற்பவர் 'வாங்க சார், வண்டியை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்கிறேன்' என்று அன்பாகச் சொன்னால், முதலில் பானெட்டில் கையை வைத்துப் பார், சுட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடு என்றேன்.