மட்டையா, வேகப்பந்தா: மிதாலி, ஜூலன் காட்டிய இரு வழிகள்

கிரிக்கெட்டில் இறங்கும் பெண்கள் பலர் மட்டைவீச்சா, வேகப்பந்து வீச்சா என்று தயங்குவதால், இந்திய மகளிர் அணியின் முன்னாள் மட்டையாளர் மிதாலி ராஜ், முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி இருவரின் ஆட்ட வாழ்வை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

தொடக்கம்: மிதாலி 1999இல், 16 வயதில், தம் முதல் ஒருநாள் போட்டியிலேயே அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114 ரன்கள் குவித்தார். ஜூலன், மேற்கு வங்கத்தின் சக்தாஹாவிலிருந்து விடியற்காலை ரயிலேறிக் கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். 2002இல் அணிக்குள் வந்தார்.

நீடிப்பு: மிதாலி 232 ஒருநாள் போட்டிகளில் 7,805 ரன்கள். ஜூலன் 204 போட்டிகளில் 255 விக்கெட்டுகள். இருவரும் ஓய்வு பெற்றது 2022இல்.

உலகக் கோப்பை: 2005, 2017 இறுதிப் போட்டிகளில் இருவரும் ஆடியும் கோப்பை கைகூடவில்லை.

உடல்: வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து, தாவி, முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்காலும் இடுப்பும் முதுகும் உடல் எடையின் பல மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது, ஓர் ஓவருக்கு ஆறு முறை. அந்தச் சுமையோடு இருபது ஆண்டுகள் நின்ற ஜூலனின் சாதனையே, என் பார்வையில், அரிது. மட்டையாளருக்குத் தேய்மானம் குறைவு. ஆனால் ஒரே தவறு அவரது இன்னிங்ஸை முடித்துவிடும், வீச்சாளருக்கோ அடுத்த பந்து உண்டு.

ஆகவே, நெடுநேரம் கவனம் சிதறாமல் நிற்கக்கூடியவருக்கு மட்டை பொருந்தும். உயரமும் தோள்வலுவும் இருந்து, உடற்பயிற்சியை ஒருநாளும் தவறவிடாதவர் தயங்காமல் பந்தைக் கையிலெடுக்கலாம்.